பழங்காசைத் துலக்குவதற்கு முன்: கொங்கு நாட்டுக் காசுகளைத் தூய்மை செய்து காக்கும் முறை

பழங்காசு ஒன்று கையில் கிடைத்ததும் அதைத் துலக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. குத்துவிளக்கையும் சொம்பையும் புளியும் சாம்பலும் இட்டு விளக்கிப் பழகிய வீடுகளில், பச்சை பூத்த செப்புக் காசும் அழுக்கேறிய பாத்திரமாகவே கண்ணுக்குப் படுகிறது. பாத்திரத்தில் மேற்பரப்பு சிறிது தேய்ந்தாலும் பயன் கெடுவதில்லை. காசிலோ எழுத்தும் உருவமும் அரசனின் சின்னமும் மயிரிழை அளவே ஆழமுள்ள அந்த மேற்பரப்பில்தான் இருக்கின்றன. மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்த செப்புக் காசில் அந்த மேற்பரப்பு பெரும்பாலும் உலோகமாகவே இருப்பதில்லை. களிம்பாக மாறி, அச்சின் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. அந்தக் களிம்பைக் கரைத்துவிட்டால் யானையும் வில்லும் அதனுடனே கரைந்து, சொரசொரப்பான செப்புத் தகடு ஒன்றுதான் மிஞ்சும். எனவே தூய்மை செய்வதன் நோக்கம் பளபளப்பு அன்று. காசில் உள்ளதைப் படிக்க முடிய வேண்டும், அது மேலும் அரிக்கப்படாமல் நிற்க வேண்டும். இவ்விரண்டும் கிடைத்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும்.

கொங்கு நாடு சங்க காலம் தொட்டே காசு புழங்கிய நாடு. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகப் பாதை வெள்ளலூர், கொடுமணல், கரூர் எனக் கிழக்கே சென்றது. வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளிலும், திருப்பூர் வட்டாரத்துக் கத்தாங்கண்ணியில் 1913-ஆம் ஆண்டிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாக வெளிப்பட்டன. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து சேரரின் செப்புக் காசுகளும் பிற்கால ரோமானியரின் சிறு செப்புக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பழந்தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த காசுகளும் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் வீரராயன் பணம் என்னும் மிகச் சிறிய பொற்காசும், 1799 வரை மைசூர் ஆட்சி இங்கே இருந்தமையால் திப்பு சுல்தானின் யானைக் காசும், அதன்பின் 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசுகளும் நம் வீட்டுப் பெட்டிகளுக்குள் வந்து சேர்ந்தன. ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும் இவற்றில் பொன், வெள்ளி, செம்பு, ஈயம் ஆகிய நான்கும் இருக்கலாம். ஒன்றுக்கு ஏற்ற முறை மற்றொன்றுக்கு நஞ்சு என்பதால், முதல் வேலை உலோகம் பார்த்துப் பிரித்து வைப்பதே.

அதற்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் குழி எடுக்கும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ காசு வெளிப்பட்டால், அது கண்டெடுத்தவரின் சொத்தாக உடனே ஆகிவிடுவதில்லை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள காசு தொல்பொருள். அதை இந்தியாவுக்கு வெளியே தனியார் கொண்டு செல்லக் கூடாது, உரிமம் இல்லாமல் அதில் வணிகம் செய்யவும் கூடாது. ஆகவே கீழே சொல்லப்படும் முறைகள் முன்னோர் வழியாகவோ முறையாக வாங்கியோ நம்மிடம் உள்ள காசுகளுக்கு உரியவை. மண்ணிலிருந்து புதிதாக வெளிவந்தவற்றுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கழுவாதீர்கள்.

குறிப்பாகப் பானையோடு வெளிப்படும் குவியலைப் பிரிக்கவே கூடாது. காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் கட்டியாகவே இருக்கட்டும். செம்பின் உப்பு ஊறிய இடத்தில் நூலிழை மக்காமல் நிற்கும். காசு முடிந்து வைத்த துணியின் நெசவுத் தடம் களிம்பின்மேல் பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். பருத்தியும் தறியும் இன்றும் வாழும் இந்த மண்ணில், நெசவின் அந்தச் சிறு தடம் காசைவிட மதிப்புடையதாக இருக்கக் கூடும். ஒரு வாளித் தண்ணீர் அதை அழித்துவிடும். எந்த ஊர், எந்தக் காடு, சர்வே எண் என்ன, எவ்வளவு ஆழம், உடன் கிடைத்த ஓடு எது என்பவற்றை எழுதி வைத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ தெரிவிப்பதே செய்ய வேண்டியது.

வீட்டுக் காசுகளிலும் தூய்மைக்கு முன் பதிவு வேண்டும். நகைக்கடைகளில் இருப்பதைப் போல 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் எடை பார்த்து, வெர்னியர் அளவியால் விட்டமும் தடிமனும் குறித்து, இரண்டு முகங்களையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கை நேரே மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழ வைத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து எழும். இந்தப் படங்களைப் பார்த்த பிறகு, துலக்க வேண்டிய தேவையே இல்லை என்று பல காசுகளைத் திரும்ப எடுத்து வைத்துவிடலாம். எடைக் குறிப்பும் வீணாகாது. பிற்காலத்தில் அதே காசை மீண்டும் நிறுக்கும்போது எடை கூடியிருந்தால், அரிப்பு உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்றாகும்.

தண்ணீர்தான் முதல் மருந்து. ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். நம் பகுதியின் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் உள்ள குளோரைடு செம்புக்கும் வெள்ளிக்கும் முதற்பகை. சிறுவாணித் தண்ணீர் உப்பில்லாதது என்றாலும், குழாயில் வருவது குளோரின் கலந்து வருகிறது. ஆகையால் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக டிஸ்டில்டு வாட்டர் என்று பெட்ரோல் பங்குகளிலும் பேட்டரி கடைகளிலும் விற்பது போதும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில் இருக்கும் என்பதால், சீட்டைப் படித்து வாங்குங்கள்.

செப்புக் காசில் வேலை மெதுவாக நடக்க வேண்டும். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில், அடியில் பருத்தித் துணித் துண்டு விரித்து, காய்ச்சி வடித்த நீரில் மூழ்க வையுங்கள். நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, நீர் கலங்குவது நின்ற பிறகு காசை எடுத்து, மென்மையான குழந்தைப் பல்துலக்கியால் ஈரமாக இருக்கும்போதே ஒரே திசையில் மெல்லத் தடவ வேண்டும். செம்மண்ணும் ஆற்று வண்டலும் இந்த அளவிலேயே விட்டுவிடும். விடாமல் நிற்பது சுக்கான். நம் நிலங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால், பல காசுகளின்மேல் வெண்மையான கடினப் படிவம் ஒன்று கட்டியிருக்கும். அதைக் கரைக்க எலுமிச்சம் பழமோ வினிகரோ ஊற்றத் தோன்றும். சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் களிம்பையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால், அந்த வழியை அறவே விட்டுவிட வேண்டும்.

சுக்கானை எடுக்க முள் போதும். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வேலியோரம் நிற்கும் வெள்வேல மரத்தின் காய்ந்த முள்ளைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. இரும்பு ஊசியும் குண்டூசியும் களிம்பைக் கீறிச் செம்பைத் தொட்டுவிடும். முள்ளோ கடினமான இடத்தில் தானே மழுங்கி, காசைக் காக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்சின் கீழ் காசை ஈரமாக வைத்து, முள்ளைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்துப் பிடித்து, படிவத்தின் ஓரத்தை மட்டும் நெம்ப வேண்டும்.

கரூர்ப் பக்கத்துச் சதுரச் செப்புக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முகத்தில் வலப்புறம் பார்த்து நிற்கும் யானை, மறு முகத்தில் வில்லும் அம்பும். ஊற வைத்து எடுத்தபோது யானையின் முதுகு மட்டும் மேடாகத் தெரிகிறது. கால்களுக்கு இடையில் சாம்பல் நிறச் சுக்கான் அடைத்திருக்கிறது. முள்ளின் நுனி வயிற்றுக்குக் கீழே நுழையும்போது முதலில் பொடியாக உதிர்கிறது, பிறகு கடுகின் பாதி அளவுக்குச் சில்லு பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் மங்கலான கரும்பச்சையில் வழுவழுப்பான தளம் தெரிந்தால் அதுதான் பழைய மேற்பரப்பு. முன்காலின் வளைவும் தும்பிக்கையின் நுனியும் அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. அதற்கும் கீழே போய் செங்கல் நிறம் தெரிந்தால், அடுத்த படலத்துக்குள் இறங்கிவிட்டோம் என்று பொருள். அங்கே நிறுத்த வேண்டும். கால் நான்கும் தெரிந்து, யானைக்கு மேலுள்ள சின்னங்கள் இன்னவை என்று சொல்ல முடிந்தால், ஓரத்தில் மிஞ்சிய சுக்கானை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அந்தக் காசு மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு அந்த மிச்சமே அடையாளம்.

இங்கே வீட்டு முறைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புளியும் உப்பும் சேர்ந்த கலவை செப்புக் காசுக்குச் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம். புளியின் அமிலம் பாதுகாப்பான படலத்தை அகற்ற, உப்பின் குளோரைடு திறந்த செம்புக்குள் நுழைந்துகொள்கிறது. தயிர், செங்கல் பொடி, பாத்திரம் துலக்கும் பொடி, பற்பசை, கழிப்பறை கழுவும் திரவம் ஆகிய எதுவும் அருகில் வரக் கூடாது. நகைப் பட்டறையில் கொடுத்துத் திராவகத்தில் முக்கிப் பாலிஷ் போட்டு வாங்கும் வழக்கமும் உண்டு. பட்டறைக்காரர் தம் தொழிலைச் சரியாகத்தான் செய்கிறார், ஆனால் அது நகைக்கு உரிய தொழில். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊற வைக்கும் முறையைப் பலர் பரிந்துரைப்பதையும் கேட்கலாம். எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் செம்பை மெல்ல அரிப்பவை. அதோடு களிம்பின் நுண்துளைகளுக்குள் போன எண்ணெயை வெளியே எடுப்பது மிகக் கடினம். தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இதுவே பொருந்தும்.

களிம்பில் நல்லதும் உண்டு, நோயும் உண்டு. இந்த வேறுபாட்டைக் கண்டறியும் திறமை, காசு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். கரும்பச்சை, ஆலிவ் பச்சை, பழுப்பு, கருமை ஆகிய நிறங்களில் கெட்டியாக, வழுவழுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் உதிராமல் இருப்பது நல்ல களிம்பு. அது காசுக்குக் கவசம். வெளிறிய பச்சையில், மாவு போல, சிறு புள்ளியாகப் பொரிந்து எழுந்து, தொட்டால் விரலில் ஒட்டுவதே அருங்காட்சியகத்தார் வெண்கல நோய் என்று அழைப்பது. இது கிருமியால் வருவதன்று. மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து களிம்புக்கு அடியில் செப்புக் குளோரைடாகத் தங்கியிருக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதைச் சென்று சேர்ந்தால், அது வெளிர்பச்சைப் பொடியாகப் பருத்து மேலே எழுவதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மீண்டும் செப்புக் குளோரைடு ஆகும். ஈரம் இருக்கும் வரை இந்தச் சுற்று நிற்காது. லென்சில் பார்த்தால் புள்ளியின் அடியில் ஊசி குத்தியதைப் போன்ற பள்ளம் தெரியும். சில காசுகளில் பள்ளத்தின் அடியில் சாம்பல் நிற மெழுகு போன்ற பொருளும் தெரியும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டு வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டதற்கே வெண்கலப் படிமங்களைத் தாக்கிய இந்த நோய்தான் காரணம். அத்தனை பெரிய படிமங்களை அசைத்த நோய்க்கு, இரண்டு கிராம் எடையுள்ள காசு எம்மாத்திரம்?

நோய் இருக்கிறதா என்ற ஐயம் வந்தால், காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, நனைத்த பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சு காசில் படாதவாறு இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். புதிய வெளிர்பச்சைப் புள்ளிகள் எழுந்தால் நோய் உறுதி. முதலில் பொடியை முள்ளால் பள்ளத்தின் அடி வரை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சலவைச் சோடா 24 கிராமும் சமையல் சோடா 19 கிராமும் கரைத்தால், ஏறத்தாழ ஐந்து சதவீதச் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல் கிடைக்கும். சலவைத் தூள் அன்று. மணமும் நிறமும் சேர்க்காத, வேதிப்பொருள் கடையில் வாங்கிய சோடா. காசை இதில் மூழ்க வைத்து, வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளோரைடு மெல்லத்தான் வெளியேறும் என்பதால் இது வாரங்களில் முடியாமல் மாதங்களுக்கும் நீளலாம். களிம்பின் நிறம் சற்று மாறக் கூடும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, சோடாவை முழுவதும் நீக்கி, உலர்த்தி, முன் சொன்ன ஈரப் பஞ்சுச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். பென்சோட்ரையசோல் என்னும் மருந்தை ஆல்கஹாலில் கரைத்து முக்குவது ஆய்வுக்கூடங்களில் வழக்கம். நல்ல பலன் தருவதுதான், ஆயினும் அது உடலுக்குத் தீங்கானது, வீட்டுக்கு ஏற்றதன்று. அரிய எழுத்துள்ள காசாக இருந்தால் சோடாவையும் வீட்டில் முயலாமல், உலர்ந்த டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, அருங்காட்சியக வேதியியலாரிடம் காட்டுவதே முறை.

வெள்ளிக்கு வருவோம். வெள்ளிக் காசின்மேல் மெல்லிய கருமை படர்ந்திருந்தால், அது காற்றிலுள்ள கந்தகத்தால் வந்தது. அதனால் கெடுதல் இல்லை, எழுத்தின் விளிம்பைத் தெளிவாக்கிக் காட்டவும் செய்கிறது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்த்துக் கருமையைப் போக்கும் வித்தையை வெள்ளிக் கொலுசுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழங்காசில் அதைச் செய்தால் காசு வெளிறி, உயிரற்ற சாம்பல் நிறத்தில் போய் நிற்கும். மண்ணில் கிடந்த வெள்ளியில் சாம்பல் பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற வெள்ளிக் குளோரைடு படிந்திருக்கலாம். அதைச் சுரண்டினால் காசின் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். கைப்பிசுக்கும் பழைய மெழுகும் போக அசிட்டோனில் சிறிது நேரம் வைத்து எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, துடைக்காமல் மென்துணியில் ஒற்றி எடுப்பதோடு வீட்டு வேலை முடிந்தது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் ஊதுபத்தியும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில்தான் திறக்க வேண்டும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் மணமும் கலந்திருப்பதால் அது மாற்று ஆகாது.

பழைய வெள்ளி வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கும் தன்மை அடைந்திருக்கக் கூடும். மேசையிலிருந்து தரையில் விழுந்தாலே இரண்டாக உடையும் காசுகள் உண்டு. கண்ணாடி துடைக்கும் மீயொலிக் கருவிகளில் அவற்றைப் போடவே கூடாது. வெள்ளியின் ஓரத்தில் பச்சை கசிந்தால், அது செம்பு உள்ளீடு வைத்து மேலே வெள்ளி பூசிய பழங்காலப் போலிக் காசாக இருக்கலாம். அமிலம் பட்டால் வெடிப்பு வழியே உள்ளே இறங்கி, உள்ளீட்டைத் தின்று வெள்ளிக் கூட்டை மட்டும் விட்டு வைக்கும். இங்கே கிடைக்கும் ரோமானியக் காசுகள் சிலவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருப்பதும் குறைபாடு அன்று. அக்காலத்தில் இந்த நாட்டில் யாரோ வேண்டுமென்றே இட்ட வெட்டு அது. அதை நிரவவோ தேய்த்து மறைக்கவோ முயல்வது வரலாற்றில் ஒரு வரியை அழிப்பதாகும்.

பொற்காசுக்குச் சொல்ல அதிகம் இல்லை. தூய பொன் கறுப்பதில்லை, அரிப்பதில்லை. பூந்திக்கொட்டை நுரையில் மென்துலக்கியால் தொட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசினால் போதும். ஆனால் வீரராயன் பணம் அரை கிராமுக்கும் குறைந்த எடையுள்ளது. ஊதினாலே பறக்கும் அதைக் கழுவுத் தொட்டியில் கழுவாமல், அகன்ற வெள்ளைத் தட்டில் வைத்தே கழுவுங்கள். பூஜை அறையில் வைத்திருப்போர் பாலும் குங்குமமும் விபூதியும் காசின்மேல் நேரடியாகப் படாமல், சிறு கண்ணாடிச் சிமிழில் இட்டு வழிபடலாம். வழிபாட்டுக்குக் குறைவில்லை, காசும் பிழைக்கும்.

ஈயக் காசு இதற்கு நேர்மாறு. நகம் பட்டாலும் கீறல் விழும் மென்மை அதற்கு, துலக்கியே ஆகாது. காய்ச்சி வடித்த நீரில் நெடுநேரம் ஊற வைத்தாலும் ஈயம் கரையும் என்பதால், செம்புக்குச் சொன்ன முறை இதற்குப் பொருந்தாது. மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது நச்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையலறையில் வைத்துப் பார்க்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டவே கூடாது. உலர்ந்த தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிட்டுத் தனியே வைத்துவிடுங்கள்.

எந்த உலோகமானாலும் கழுவிய காசை முழுமையாக உலர்த்த வேண்டும். மேற்பரப்பு உலர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது தவறு. களிம்பின் துளைகளில் நிற்கும் நீரை வெளியேற்ற, செப்புக் காசை அசிட்டோனில் இருமுறை முக்கி எடுத்து, நிழலில் ஒருநாள் விட்டு வைப்பது நல்லது. அதன்பின் செப்புக் காசுக்கு மட்டும் மெல்லிய மெழுகுப் பூச்சு இடலாம். மைக்ரோகிரிஸ்டலின் மெழுகைத் தூரிகை நுனியில் எடுத்து, வெதுவெதுப்பாக்கிய காசின்மேல் தடவி, ஆறியதும் மென்துணியால் மெருகேற்ற வேண்டும். பாரலாய்டு பி-72 என்னும் பிசினை மூன்று சதவீதம் அசிட்டோனில் கரைத்துப் பூசுவதும் உண்டு. இவை இரண்டையும் பின்னால் வேண்டும்போது கரைத்து நீக்க முடியும். வார்னிஷ் அப்படி அல்ல. நோய் முற்றும் தீராத காசுக்குப் பூச்சு இட்டால், நோயை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

காப்பதில் பெரும்பகுதி சேமிப்பில் இருக்கிறது. காசுக்கான ஆல்பம் என்று கடைகளில் கிடைக்கும் மலிவான மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் பல, பி.வி.சி.யால் ஆனவை. புதிதில் பிளாஸ்டிக் நெடி அடிப்பதும், தொட்டால் ஒட்டுவதும் அவற்றின் அடையாளம். அவை நாளாக ஆகக் குளோரின் சேர்ந்த அமிலத்தையும் பிசுக்கையும் வெளிவிட்டு, காசின்மேல் பச்சையாகப் படியச் செய்யும். படிந்துவிட்டால் அசிட்டோனால் உடனே கழுவி எடுக்க வேண்டும். மைலார், பாலிபுரொப்பிலீன் உறைகளும் அமிலமற்ற காகித உறைகளுமே நம்பத்தக்கவை. மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது மரபு என்றாலும், சாயமும் ஈரமும் காசில் இறங்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தால் ரப்பரின் கந்தகம் வெள்ளியில் கருங்கோடாகப் பதியும். பிளைவுட் அலமாரியும் அட்டைப் பெட்டியும் கரிம அமில ஆவியை வெளிவிடுவதால், ஈயக் காசை அவற்றில் வைக்கவே கூடாது. பெயின்ட் நன்கு காய்ந்த இரும்பு அலமாரியே எல்லாவற்றுக்கும் ஏற்றது.

டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே, செப்புக் காசு மட்டும் இருந்தால் 35 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. இறுக மூடும் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலமும், சிறு ஈரப்பதமானியும் வைத்தால் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால், அவற்றை வெளியே எடுத்து 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் சூடாக்கி, நீலம் திரும்பியதும் ஆறவைத்து மீண்டும் உள்ளே வைக்கலாம். நீல மணியின் சாயம் உடலுக்கு ஆகாதது என்பதால், சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. ஆரஞ்சு நிற மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கரூரின் வறண்ட வெயிலில் பல மாதம் தாங்கும் மணி, பொள்ளாச்சியில் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும் ஆனி ஆடியிலும், எல்லா ஊரிலும் அடைமழை பெய்யும் ஐப்பசி கார்த்திகையிலும் சில வாரங்களில் நிறம் மாறிவிடும். அந்த நான்கு மாதங்களில் மட்டும் வாரம் ஒருமுறை டப்பாவைத் திறக்காமலே வெளியிலிருந்து மணியின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை லென்சில் செப்புக் காசுகளைப் பாருங்கள்.

ஒவ்வொரு உறையிலும் காசோடு ஒரு சீட்டும் இருக்க வேண்டும்: எடை, விட்டம், எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டில் என்ன செய்து தூய்மைப்படுத்தப்பட்டது, என்ன பூச்சு இடப்பட்டது. அம்மிச்சி வீட்டு அரிசிப் பானையிலிருந்து எடுத்தது என்றால் அதையும் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஈரத்தில் கசிந்து காசில் படியும். அடையாளம் தெரியாத காசையும், பச்சைப் புள்ளி திரும்பத் திரும்ப எழும் காசையும் சீட்டோடு கோவை, ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களில் உள்ள அரசு அருங்காட்சியகங்களில் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டும்வரை அதன்மேல் வேறு எதையும் தடவ வேண்டாம்.